பேசாத ஆட்டக்காரரை நாம் எதை வைத்து எடைபோடுகிறோம்? (கவாய் லெனார்ட், ஒசாகா, லிஞ்ச்)

தெற்குவீதி எழுதியது:

நேற்று இரவு ஒரு பழைய ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். 2019 ஜனவரி 3, சான் அன்டோனியோ. கூடைப்பந்து ஆட்டக்காரர் கவாய் லெனார்ட் டொரண்டோ ராப்டர்ஸ் அணியின் சட்டையில் முதல் தடவையாகத் தன் பழைய ஊருக்கு வருகிறார். பந்து கைக்கு வந்தாலே கூச்சல். 'துரோகி, துரோகி' என்று கூட்டம் கத்துகிறது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதே அரங்கில்தான் 2014 ஜூனில் அவர் அப்போது ஆடிய ஸ்பர்ஸ் அணி என்பிஏ (வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பையை வென்றது. 22 வயதில் ஃபைனல்ஸ் எம்விபி, அதாவது இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார் லெனார்ட். அன்றும் அவர் பெரிதாக எதுவும் பேசவில்லை. அப்போது ஊரே அதைக் கொண்டாடியது. ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் போட்ட பிறகும் 1997ஆம் வருடத்துப் பழைய ஷெவர்லே வண்டியைத்தான் ஓட்டுகிறார், கோழிக்கறிக் கடையில் கொடுத்த இலவச கூப்பன்களைத் தொலைத்துவிட்டுப் பதறினார் என்றெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. படித்தவர்கள் எல்லாரும் 'அடக்கமான பையன்' என்று மெச்சினார்கள்.

அப்புறம் 2017-18 சீசன். தொடைத் தசைநாரில் கோளாறு. 82 ஆட்டத்தில் அவர் ஆடியது வெறும் 9. அணி மருத்துவர்கள் ஆடலாம் என்றார்கள், அவர் தன் சொந்த மருத்துவர்களை நம்பி நியூயார்க்கில் சிகிச்சை எடுத்தார். என்ன நடக்கிறது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. கோச் பாப்பவிச்சிடம் கேட்டால், லெனார்டையும் அவருடைய ஆட்களையும் கேளுங்கள் என்றார். சக ஆட்டக்காரர் டோனி பார்க்கரோ தனக்கு வந்த காயம் நூறு மடங்கு மோசமானது என்று நிருபர்களிடமே சொன்னார். அந்தக் கோடையில் லெனார்ட் டொரண்டோவுக்கு மாற்றப்பட்டார்.

2014ல் பேசாதவரும் 2018ல் பேசாதவரும் ஒரே ஆள்தான். ஒரு துளி கூட மாறவில்லை. மாறியது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. பேசாதவர்களைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பில் அவர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே நம் மனநிலைதானா?

---

சேப்பாக்கம் ஸ்டாண்ட் எழுதியது:

ஜெயித்தால் அடக்கம், தோற்றால் திமிர். அவ்வளவுதான் கணக்கு.

நம் ஊரிலேயே பாருங்கள். 2014 டிசம்பர் 30, மெல்பர்ன் டெஸ்ட் டிரா. தோனி பிரஸ் மீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னார், எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் கிரிக்கெட் வாரியத்திடமிருந்து அறிக்கை வருகிறது, டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று. எதிரில் உட்கார்ந்திருந்த நிருபர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 15லும் அப்படித்தான், இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு, முடிந்தது. நாம் 'அதான் தல' என்றோம். இரண்டு உலகக் கோப்பை கையில் இல்லாத ஒருவர் இதையே செய்திருந்தால் சும்மா விட்டிருப்போமா?

---

ஸ்காபரோ குமரன் எழுதியது:

தெற்குவீதி அண்ணை, ரொறன்ரோவிலை நடந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

2018 செப்டம்பரில் அவரை முதன்முதலாக ஊடகங்களுக்கு முன்னால் இருத்தினார்கள். உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ என்று ஒருத்தர் கேட்டார். தான் ஒரு கலகலப்பான ஆள் என்று சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு கிழமைக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது, எங்கடை பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலை அதைச் செய்து காட்டினார்கள். ஏளனமாகத்தான் தொடங்கியது. சீசன் முடியும்போது அதே சிரிப்பு ரீசேட்டிலை ஏறிவிட்டது.

2019 மே 12, பிலடெல்பியாவுடன் தொடரை முடிவு செய்யிற ஏழாவது ஆட்டம். கடைசி விநாடியில் மூலையிலிருந்து அவர் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. அப்பா கிரிக்கெட் தவிர வேறொன்றும் பார்க்காதவர், அன்றைக்குக் கதிரையை விட்டு எழும்பி நின்றார். ஜூன் 13 கோப்பை. கனடாவிலுள்ள அணி ஒன்று எடுத்த முதல் என்பிஏ கோப்பை. அந்த சீசனில் உடம்பைக் காப்பாற்றுவதற்காக 82 ஆட்டத்தில் 60 தான் ஆடினார். ஒருவரும் குறை சொல்லவில்லை. சான் அன்டோனியோவில் அவரை நாசமாக்கிய அதே காயம், அதே கவனம். இங்கை அது 'புத்திசாலித்தனம்'.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிற விஷயம். ஜூலை தொடக்கம். அவர் இங்கை இருப்பாரா, லொஸ் ஏஞ்சலிஸ் போவாரா என்று தெரியாத நாட்கள். விமான நிலையத்திலிருந்து ஒரு கறுப்பு வாகனம் வெளிக்கிட்டது. தொலைக்காட்சி ஹெலிகொப்டர் அதை நகரத்துக்குள்ளே ஹோட்டல் வாசல் வரைக்கும் துரத்தி நேரலையாகக் காட்டியது. உள்ளே ஆர் இருக்கினம் என்று ஒருத்தருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு மனிதன் எங்கை வேலை செய்யலாம் என்று யோசிக்கிற நாட்கள் அவை. உணவகங்கள் வாழ்நாள் முழுக்க இலவசச் சாப்பாடு என்று கண்ணாடியில் ஒட்டி வைத்தன. அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்காத அன்பு.

கடைசியில் போய்விட்டார். டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியோடு வந்து கோப்பை வென்றதுக்கான மோதிரம் வாங்கினபோது அரங்கமே எழும்பிக் கைதட்டியது. கோப்பை தந்தபடியால் மன்னித்தோம். தராமல் போயிருந்தால் நாங்களும் சான் அன்டோனியோதான்.

---

பழைய நிருபர் எழுதியது:

மாவட்டப் பதிப்புகளிலும் பிறகு விளையாட்டுப் பக்கத்திலும் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இங்கே எல்லாரும் ஒரு பக்கமாகவே சாய்கிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

பிரஸ் மீட் என்பது நட்சத்திரத்தைக் கொடுமைப்படுத்த வைத்த சடங்கு இல்லை. பெரிய தொலைக்காட்சிக்குத் தனிப் பேட்டி கிடைக்கும். சின்னப் பத்திரிகைக்காரனுக்கு, வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கு, ஆட்டக்காரர் முன்னால் நின்று கேள்வி கேட்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அது போய்விட்டால் மிஞ்சுவது அவரவர் சொந்தப் பக்கமும், அவரவர் காசு போட்டு எடுக்கும் ஆவணப்படமும்தான். அதில் கஷ்டமான கேள்வி ஒன்றுகூட வராது. ஊக்கமருந்து, சூதாட்டம், கோச் செய்த அத்துமீறல், இதெல்லாம் யாரோ ஒரு நிருபர் விடாமல் கேட்டதால்தான் வெளியே வந்தது.

அப்புறம் லெனார்ட் விஷயம். சான் அன்டோனியோ ஜனங்கள் கோபப்பட்டதை வெறும் மனநிலை என்று தள்ள முடியாது. சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவன் கேட்டது ஒன்றே ஒன்று: ஆடுவாரா, மாட்டாரா? அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு வருடத்தைக் கடத்தினால் சந்தேகம் வராதா? நீங்கள் பேசாத இடத்தை வேறு யாராவது பேசி நிரப்புவார்கள். அங்கே டோனி பார்க்கர் நிரப்பினார்.

---

மேட்ச்பாயின்ட் எழுதியது:

பழைய நிருபர் ஐயா, சின்னப் பத்திரிகைக்காரர் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அந்த அறைக்குள் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் டென்னிஸ் ஆட்டக்காரர் நவோமி ஒசாகாவை 2018லிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 யுஎஸ் ஓபன் இறுதிப்போட்டி. 20 வயதுப் பெண். எதிரே செரீனா வில்லியம்ஸ், சின்ன வயதிலிருந்து அவர் அண்ணாந்து பார்த்தவர். நடுவர் கார்லோஸ் ராமோஸுக்கும் செரீனாவுக்கும் வாக்குவாதம் முற்றி, தண்டனையாகச் செரீனாவிடமிருந்து ஒரு கேமையே பறித்துவிட்டார்கள். ஒசாகா 6-2, 6-4 என்று ஜெயிக்கிறார். பரிசளிப்பு மேடையில் அரங்கம் முழுக்க ஊளைச் சத்தம். அது நடுவர் மேல் இருந்த கோபம். ஆனால் மேடையில் நின்றது ஒசாகா. தொப்பியின் முன்விளிம்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தன் முதல் கிராண்ட்ஸ்லாமை ஜெயித்துவிட்டு, ஆட்டம் இப்படி முடிந்ததற்குக் கூட்டத்திடம் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காட்சியை நேரலையில் பார்த்த யாருக்கும் மூன்று வருடம் கழித்து நடந்தது ஆச்சரியமாக இருந்திருக்காது.

2021 மே கடைசி வாரம். பிரெஞ்சு ஓபனில் பிரஸ் மீட்டுக்கு வரமாட்டேன், அபராதம் கட்டிக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே எழுதினார். களிமண் தரையில் நடக்கும் அந்தப் போட்டியில் அதுவரை மூன்றாவது சுற்றைத் தாண்டியதில்லை அவர். 'உன்னால் இங்கே முடியுமா' என்பதையே ஒவ்வொரு நாளும் பத்து விதமாகக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மே 30, முதல் சுற்றில் ஜெயித்தார். 15,000 டாலர் அபராதம். அதோடு விடவில்லை. நான்கு கிராண்ட்ஸ்லாம் அமைப்புகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்குவோம், வருங்காலத் தடையும் வரலாம் என்று அறிக்கை விட்டன. மறுநாள் அவரே விலகிவிட்டார். 2018லிருந்து மன அழுத்தத்தோடு போராடி வருவதையும், பேசுவதற்கு முன் பதற்றம் பிடித்துக்கொள்வதையும், எப்போதும் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதற்கு அதுதான் காரணம் என்பதையும் அப்போதுதான் எழுதினார்.

அவருக்கு நோய் இருப்பதை ஊருக்கு நிரூபித்த பிறகுதான் 'சரி, பாவம்' என்றார்கள். அதற்கு முந்தின நாள் வரை அவர் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன கோடீஸ்வரி. தன் அந்தரங்கத்தைக் காப்பாற்ற ஒருவர் தன் அந்தரங்கத்தையே எடுத்து வெளியில் வைக்க வேண்டியிருந்தது. எனக்கு அதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இன்னொன்று. அவர் விலகிய அன்று பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத் தலைவர் நிருபர்கள் முன்னால் வந்து ஒரு அறிக்கையை வாசித்தார். ஊடகங்களிடம் பேசுவதன் அவசியத்துக்காக அத்தனை கடுமை காட்டிய அமைப்பின் தலைவர், ஒரு கேள்விகூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். அவருக்கு யார் அபராதம் போட்டார்கள்?

---

சேப்பாக்கம் ஸ்டாண்ட் எழுதியது:

அக்கா, ஒசாகா விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி. ஃபோர்ப்ஸ் கணக்குப்படி 2020ல் அதிகம் சம்பாதித்த பெண் விளையாட்டு வீரர் அவர்தான், 3.74 கோடி டாலர். அதில் பெரும்பகுதி விளம்பரத்தில் வந்தது. விளம்பரத்துக்கு முகம் காட்டலாம், கேள்விக்கு மட்டும் காட்டக்கூடாது என்றால் எப்படி?

---

மேட்ச்பாயின்ட் எழுதியது:

தம்பி, காட்டவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. 2020 யுஎஸ் ஓபனில் ஏழு ஆட்டம், ஏழு முகக்கவசம், அமெரிக்காவில் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் ஒவ்வொருவர் பெயரோடு வந்தார். என்ன செய்தி சொல்ல வந்தீர்கள் என்று கேட்டபோது, உங்களுக்கு என்ன செய்தி கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். அவருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, சொல்லும் விதம்தான் வேறு. விளம்பரம் என்பது ஒப்பந்தம் போட்டு, நேரம் குறித்து, என்ன கேட்பார்கள் என்று தெரிந்து செய்யும் வேலை. தோற்று பத்து நிமிடத்தில், வியர்வை காயும் முன்னால், ஏன் தோற்றாய் என்று கேட்பதும் அதுவும் ஒன்றா?

---

ரன்னிங்பேக் எழுதியது:

சியாட்டிலிலிருந்து எழுதுகிறேன். மார்ஷான் லிஞ்ச் பெயரைத் தலைப்பில் போட்டுவிட்டு யாரும் பேசவில்லையே.

அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்கு: பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியை முட்டி மோதி ஓடுவது அவர் வேலை. 2011 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 67 கெஜம் ஓடினார், ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு. ரசிகர்கள் குதித்த குதியில் பக்கத்திலிருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் அதிர்வு பதிவானது. அப்படிப்பட்டவர் நிருபர் முன்னால் நிற்கவே மாட்டார். 2014 நவம்பரில் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

2015 ஜனவரி 27, ஃபீனிக்ஸ், அந்த லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஊடக நாள். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்: அபராதம் கட்டாமலிருக்கத்தான் வந்திருக்கிறேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து போய்விட்டார். பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்ய மறுக்கிறார் என்றார்கள். இரண்டு நாள் கழித்து கொஞ்சம் நீளமாகப் பேசினார். நான் உங்களுக்குப் போதுமான அளவு பேசுவதில்லை, அதனால் நீங்கள் இட்டுக்கட்டுவதை இட்டுக்கட்டிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில்.

இதில் கவனிக்க வேண்டியது, லிஞ்ச் கூச்சக்காரர் இல்லை. பிறந்த ஊர் ஓக்லந்தில் சின்னப் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை நடத்துகிறார், அங்கே அவர் பேச்சுக்குக் குறைவே இல்லை. ஓய்வுக்குப் பிறகு நடிப்பு, பாட்காஸ்ட் என்று பிரமாதமாகப் பேசுகிறார். ஒசாகாவுக்கு அது பதற்றம், லெனார்டுக்கு இயல்பு, லிஞ்சுக்குத் தன் பேச்சு யார் கையில் போகிறது என்கிற தீர்மானம். மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'ஊடகத்தைத் தவிர்ப்பவர்கள்' என்று பேசுவதே தப்பு.

---

தெற்குவீதி எழுதியது:

அருமை ரன்னிங்பேக். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் மூன்று விதம், தீர்ப்பு மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

---

பழைய நிருபர் எழுதியது:

பேஸ்பால் உலகத்திலிருந்து இரண்டு பேரைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே நிருபர்கள் கையில் ஓட்டு இருக்கிறது.

ஸ்டீவ் கார்ல்டன், பிலடெல்பியா பந்துவீச்சாளர். 1972ல் அவர் அணி சீசன் முழுக்க ஜெயித்ததே 59 ஆட்டம், அதில் 27 அவர் ஜெயித்துக் கொடுத்தது. எழுபதுகளில் பத்திரிகைக்காரர்களோடு பேச்சை நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நிறுத்தினார், வருடக்கணக்காக. அவரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் சக ஆட்டக்காரர்களிடம் கேட்டு எழுதினார்கள். 1994ல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பேஸ்பால் மேதைகளுக்கான கௌரவப் பட்டியலுக்குத் தேர்தல் வந்தது. ஓட்டுப் போடுபவர்கள் அவர் யாரிடம் பேச மறுத்தாரோ அதே எழுத்தாளர் சங்கத்தார். முதல் வருடமே 95 சதவீதத்துக்கு மேல் வாங்கித் தேர்வானார்.

டெட் வில்லியம்ஸ் கதை வேறு. பாஸ்டன் பத்திரிகைகளோடு தீராத பகை. 1947ல் சராசரி, ஹோம் ரன், ரன் மூன்றிலும் லீகில் முதலிடம். ஆனாலும் எம்விபி விருது ஒரே ஒரு புள்ளியில் ஜோ டிமாஜியோவுக்குப் போனது, 202க்கு 201. பகைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். சந்தேகம் இன்றுவரை போகவில்லை என்பது மட்டும் உண்மை.

என் தொழிலில் இரண்டு மாதிரி ஆட்களும் உண்டு என்பதற்காகச் சொன்னேன். பேசாதவனைப் பற்றி எழுதும்போது அவன் ஆட்டத்தை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். சோம்பேறி நிருபருக்கு அது கசக்கும், அதனால் 'தலைக்கனம்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

---

அருள்மொழி எழுதியது:

நான் பள்ளி வாலிபால் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் பி.இ.டி. ஆசிரியர். கோடி டாலர்க்காரர்கள் பற்றிய பேச்சில் இது பொருந்துமா தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் அணியில் ஒரு மாணவி. செட்டர், அதாவது மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். களத்தில் அவள் குரல் மட்டும்தான் கேட்கும், 'எனக்கு, எனக்கு, விடு, பின்னாடி' என்று ஆறு பேரையும் இயக்குவாள். களத்துக்கு வெளியே தலையை நிமிர்த்த மாட்டாள். மண்டலப் போட்டியில் ஜெயித்த அன்று ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கை நேரே அவள் வாய்க்குக் கீழே நீட்டினார். அவள் இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தக் காட்சியை அப்படியே போட்டுவிட்டார்கள். கீழே கருத்துகளில், ஒரு கப் வாங்கினதுக்கே இவ்வளவு திமிரா என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் யாரும் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் வீட்டில் பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் பயிற்சிக்கு அனுப்பவில்லை. நான் நேரில் போய்ப் பேசித்தான் திரும்பக் கூட்டி வந்தேன்.

ஒசாகாவிடம் அபராதம் கட்டப் பணம் இருந்தது. இந்தப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது?

---

ஸ்காபரோ குமரன் எழுதியது:

அருள்மொழி சேர், பொருந்தும். இந்த இழையிலை இதுதான் முக்கியமான பதிவு என்று நினைக்கிறேன்.

---

தெற்குவீதி எழுதியது:

அருள்மொழி சார் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பழைய நிருபர் ஐயாவுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பேசினால் நல்லது நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. லெனார்டுக்கு மாற்றாக டொரண்டோ யாரைக் கொடுத்தது? டிமார் டிரோசன். ஒன்பது வருடம் அந்த ஊருக்கு ஆடியவர். அதே 2018 பிப்ரவரியில்தான் தன் மன அழுத்தம் பற்றி வெளிப்படையாகப் பேசினார், அவருக்குப் பிறகு பல ஆட்டக்காரர்கள் பேசத் துணிந்தார்கள். ஐந்து மாதத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பேசியதற்காக அனுப்பவில்லை, கூடைப்பந்துக் கணக்கு அது. நான் சொல்வது, மனம் திறந்தவருக்கும் திறக்காதவருக்கும் அந்த வியாபாரத்தில் ஒரே விலைதான்.

லெனார்டின் அப்பா 2008ல் கலிபோர்னியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். பையனுக்கு 16 வயது. மறுநாள் பள்ளி அணிக்காக ஆடினான், ஆட்டம் முடிந்த பிறகுதான் அழுதான். இது பத்திரிகைகளில் வந்த செய்தி. இதைச் சொல்லி அவருடைய மௌனத்துக்குக் காரணம் கற்பிக்க எனக்கு உரிமை இல்லை, செய்யவும் மாட்டேன். 'துரோகி' என்று கத்தியவர்களுக்கும் அவர் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது, 'பாவம்' என்று உருகும் எனக்கும் தெரியாது. தெரிந்தது ஆட்டம் மட்டும். சக ஆட்டக்காரரைப் பார்க்கரைப் போல அவர் ஒருநாளும் வெளியில் குறைத்துப் பேசியதாக நான் படித்ததில்லை. அதை வைத்து வேண்டுமானால் எடைபோடலாம்.

---

பழைய நிருபர் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி, ஆனால் டிக்கெட் வாங்கியவன் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

ரன்னிங்பேக் எழுதியது:

அதற்கு வழி இருக்கிறது ஐயா. என்எஃப்எல்லில் ஒவ்வொரு வாரமும் யாருக்கு எங்கே அடி, பயிற்சி செய்தாரா, ஆடுவது சந்தேகமா என்று அணி நிர்வாகம் கட்டாயம் பட்டியல் வெளியிட வேண்டும். ஆட்டக்காரர் வாயைத் திறக்கத் தேவையே இல்லை. சான் அன்டோனியோவில் நிர்வாகம் மருத்துவ நிலையைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் இருட்டில் நின்றிருக்க மாட்டார்கள். கோச் பந்தை லெனார்ட் பக்கமே தட்டிவிட்டார்.

---

மேட்ச்பாயின்ட் எழுதியது:

ஒசாகாவும் ஒரு யோசனை சொன்னார். 2021 ஜூலையில் டைம் இதழில் எழுதிய கட்டுரையில், மற்ற வேலைகளில் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுப்பது போல, வருடத்துக்குச் சில நாட்கள் காரணம் சொல்லாமல் பிரஸ் மீட்டைத் தவிர்க்க ஆட்டக்காரருக்கு உரிமை வேண்டும் என்றார். அவர் முழு விலக்கு கேட்கவே இல்லை. பிரஸ் மீட்டையே ஒழிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஐயா, இதை உங்களால் ஏற்க முடியுமா?

---

பழைய நிருபர் எழுதியது:

முடியும். காரணம் கேட்காமல் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். என் காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எங்கள் மேசையில் சண்டை நடந்திருக்கும், ஆனாலும் முடியும் என்றுதான் சொல்வேன். இறுதிப்போட்டிக்கு மட்டும் விலக்கு கூடாது என்பேன்.

---

மேட்ச்பாயின்ட் எழுதியது:

2018 இறுதிப்போட்டியைப் பார்த்தபிறகு எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. ஆனால் இந்த அளவுக்கு நீங்கள் இறங்கி வந்ததே பெரிது ஐயா.

---

அருள்மொழி எழுதியது:

அடுத்த மாதம் எங்கள் பள்ளியில்தான் குறுவட்டப் போட்டி. தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். களத்துக்குள் மைக், போன் கேமரா எதுவும் வரக்கூடாது. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் ஆசிரியர் அறைக்கு முன்னால் வந்து பேசுவார்கள். வேண்டாம் என்ற பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது என்று வாசலில் எழுதி வைக்கப் போகிறோம். பழைய நிருபர் ஐயா, உங்கள் தரப்பிலிருந்து இதில் ஏதாவது தவறாகப் படுகிறதா?

---

பழைய நிருபர் எழுதியது:

அரை மணி அதிகம் சார். மாலை ஆட்டம் என்றால் உள்ளூர் நிருபர் படம், செய்தி இரண்டையும் அனுப்பிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பதினைந்து நிமிடம் வையுங்கள். ஸ்கோர் விவரம், ஆறு பேர் பெயர், ஊர், வகுப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தயாராக வைத்திருங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் நல்ல நிருபர் பிள்ளையைத் தேடி வரமாட்டார். உங்கள் செட்டர் மாணவி எத்தனை பந்து தூக்கிக் கொடுத்தாள் என்பதையும் அதில் எழுதுங்கள். செட்டர் பெயர் செய்தியில் வருவதே அபூர்வம்.